வடக்கே துரைமார் கல்லறை

கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறேன். கிரயமோ தானமோ பாகப்பிரிவினையோ, எது கைக்கு வந்தாலும் முதலில் நான்கெல்லையைத்தான் படிப்பேன். சர்வே எண் மாறிவிடும், தெருப் பெயர் மாறிவிடும். பக்கத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் அந்தக் காலத்து எழுத்தர்கள் நேரில் பார்த்து எழுதினார்கள். எல்லை ஒன்று சொல்லி விஸ்தீரணம் வேறு சொன்னால் கோர்ட்டில் பொதுவாக எல்லைதான் நிற்கும். அதனால் எங்கள் தொழிலில் அந்த நாலு வரிக்குத் தனி மரியாதை.

போன வருஷம் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுமனைக்குக் கிரயப் பத்திரம் எழுத வேண்டி வந்தது. விற்பவர் தாய்ப்பத்திரங்களை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி மேசையில் பரப்பிவைத்து, பழசிலிருந்து புதுசுக்கு வரிசையாகப் படித்தேன். 1920-களில் எழுதிய பத்திரம் மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று குறி போட்டு எழுதிய கை. அதில் வடக்கெல்லை ‘துரைமார் கல்லறை மதிலுக்குத் தெற்கு’. 1950-களில் எழுதியதில் ‘பழைய கல்லறைக்குத் தெற்கு’. 1980-களில் ‘சர்க்கார் தரிசுக்குத் தெற்கு’. கடைசியாகக் கம்ப்யூட்டரில் அடித்த பத்திரத்தில் ‘காலிமனைக்குத் தெற்கு’.

நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று கைமாற்றத்துக்குள் முதலில் மதில் போனது, கூடவே துரைமார் போனார்கள், அப்புறம் கல்லறையே போய்விட்டது. அந்த 1980-களின் பத்திரத்தைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. கையெழுத்து எனக்குத் தெரிந்தது. நான் தொழில் கற்றுக்கொண்ட பெரியவர் எழுதியது. கவனக்குறைவானவர் இல்லை அவர். சர்க்கார் பதிவேட்டில் அன்று என்ன இருந்ததோ அதைத்தான் எழுதியிருக்கிறார். அப்படியானால் கல்லறை முதலில் தொலைந்தது பதிவேட்டில். அது எங்கே, எப்படி என்று தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனை எந்தத் தெருவில், என்ன எண் என்பதை எழுதப்போவதில்லை. ஆளில்லாத நிலம் என்று தெரிந்தால் அடுத்த வாரமே கம்பி வேலி போடுகிற காலம் இது.

முதலில் நேரில் போய்ப் பார்த்தேன். வேலிக்காத்தானும் எருக்கும் மண்டிய இடம். மேற்கு ஓரத்தில் தெரு வடிகால். தென்மேற்கு மூலையில் செடியை விலக்கினால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர்த் துண்டு. இன்றைய செங்கல்லில் பாதிக் கனம்கூட இல்லாத தட்டையான பழைய செங்கல், நடுவில் சுண்ணாம்புக் காரை. நகத்தால் சுரண்டினேன், காரை கொஞ்சமும் உதிரவில்லை. 1920-களின் எழுத்தர் பார்த்த மதில் இதுதான்.

நடுவில் ஒரு கருங்கல் பலகை. அதன் முன்னால் ஓர் அகல், எண்ணெய்ப் பிசுக்கு, ஈரத்தில் ஊறிய ஒரு பிஸ்கட். எதிர்ச் சந்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் பெரியம்மா ஒருத்தர் நான் உள்ளே நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“யாரு தம்பி, அளக்க வந்தீங்களா?”

“இல்ல பெரியம்மா, சும்மா பாக்க வந்தேன். இது என்ன கல்லு?”

“கொழந்த சாமி. ஒரு வயசுல போன புள்ள. தானே புயல்ல அந்த வேப்பமரம் சாஞ்சுதுல்ல, வேரோட சேர்ந்து மேல வந்துது. குப்புறக் கெடந்துது. நாலு ஆம்பளைங்கள வச்சு நாந்தான் திருப்பிப் போட்டேன்.”

தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அகலும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஒரு மெழுகுவத்தியும் அவர் ஏற்றுகிறார். ஒரு வயசு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் படித்துச் சொன்னானாம். தண்ணீர் ஊற்றித் துடைத்து, சாயங்கால வெயில் சரிந்து விழும் நேரம்வரை காத்திருந்து பார்த்தேன். மேல்பாதி எழுத்து போய்விட்டது. கீழே பிப்ரவரிக்கான முதல் மூன்று ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் 1748, அந்த 8-க்குக் கீழே சின்னதாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு 9. பிறந்தது 1748, இறந்தது 1749 என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான்.

அந்தக் கல்லை அப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டுப் பதிவேடுகளுக்குப் போனேன். நிலத்தின் கதையைக் கல்லிலிருந்து தொடங்கினால் தப்பாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டவுன் சர்வே பதிவேட்டில் அந்த இடம் 871 சதுர மீட்டர், சர்க்கார், தரிசு. குறிப்பு என்ற பத்தியில் ஒன்றும் இல்லை. பழைய சர்வே எண்ணையும் டவுன் சர்வே எண்ணையும் ஒப்பிடும் பட்டியலைக் கேட்டு இரண்டு மாசம் அலைந்தேன். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கிடைத்தபோது பழைய எண் தெரிந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, ஆங்கிலமும் தமிழுமாக அச்சிட்ட வெள்ளைக்காரன் காலத்து நிலவரி செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போனேன். 22 சென்ட். சென்ட்டுக்கு 40.47 சதுர மீட்டர் என்று பெருக்கினால் 890 வருகிறது. இன்றைய 871-க்கும் அதற்கும் வித்தியாசம் 19 சதுர மீட்டர். மேற்கே வடிகால் வளைந்து உள்ளே வந்திருக்கும் இடத்தை நானே டேப் வைத்து அளந்தேன், கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்தது. ஆக, அதே நிலம்.

செட்டில்மெண்ட் பதிவேட்டில் அது தரிசு இல்லை, புறம்போக்கு. குறிப்புப் பத்தியில் தமிழில் ஒரே சொல்: கல்லறை. நேர் எதிரே ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் ‘பழைய’ என்ற சொல்லும் இருந்தது. தமிழில் பெயர்த்தவர் விட்டுவிட்ட அந்த ஒரு அடைமொழி எனக்குப் பெரிய உதவி. நிலவரித் திட்டத்துக்காக அளக்க வந்த அன்றைக்கே அது புழக்கத்தில் இல்லாத இடுகாடு என்று அர்த்தம். 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி இடுகாடு சுடுகாடுகளுக்குத் தனிப் பதிவேடு வைத்தார்கள். அதிலும் இந்த இடம் இல்லை. புதைப்பது எப்போதோ நின்றுபோனதால் அங்கே வர வேண்டிய தேவையே வந்திருக்காது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

புறம்போக்கு, தரிசு இரண்டும் சர்க்கார் நிலம்தானே, அதிலென்ன என்று கேட்பார்கள். அதில்தான் எல்லாமே இருக்கிறது. கல்லறை, மயானம், நீர்நிலை மாதிரி இடங்கள் ஆட்சேபகரமான புறம்போக்கு. யாருக்கும் பட்டா கொடுக்க முடியாது. தரிசு என்றால் ஒப்படைக்கு, அதாவது தன் பெயருக்கு ஒதுக்கித் தரும்படி, கேட்கலாம், மனு போடலாம், நாளைக்கு ஒருவர் பெயருக்கு வரலாம். பழைய பதிவேட்டைப் பார்த்து டவுன் சர்வே பதிவேட்டில் ஏற்றியவர், குறிப்புப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு வகையையும் மாற்றி எழுதிவிட்டார். வந்து பார்த்தவர் கண்ணுக்குச் செடிதான் தெரிந்திருக்கும். கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் போனதும் உள்ளே படுத்திருப்பவர்களுக்குக் காவல் போய்விட்டது.

ஒரு பதிவேட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. கல்லறைக்கு என்று பத்திரம் கிடையாது. அதை யாரும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. ஆனால் அதைச் சுற்றி நாலு பக்கமும் மனை இருக்கிறதே, அவற்றுக்குப் பத்திரம் இருக்குமே என்று யோசித்தேன். 1975-க்கு அப்புறம் உள்ள வில்லங்கத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் என்றால் அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்ட வேண்டியிருந்தது. ஆள் பெயர் வாரியாக ஒன்று, சொத்து வாரியாக இன்னொன்று. சொத்து வாரி அட்டவணையில் ஆறு வாரம் மத்தியானங்களைச் செலவழித்தேன்.

கிழக்கு மனையின் பழைய பத்திரம் ‘துரைமார் கல்லறைக்குக் கிழக்கு’ என்றது. மேற்கே தெருவைத் தாண்டியிருக்கும் வீடு ‘கல்லறைக்குப் போகும் வண்டிப்பாதைக்கு மேற்கு’. வடக்கு மனை ‘துரைகள் இடுகாட்டு மதிலுக்கு வடக்கு’. மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள், வேறு வேறு எழுத்தர்கள். ஒரு வெள்ளைத் தாளில் அவரவர் மனையை அளவுப்படி வரைந்துகொண்டே வந்தேன். தெற்கு மனையையும் சேர்த்ததும் நடுவில் வரையாமல் விட்ட வெள்ளை இடம் அந்த 22 சென்ட். அந்தத் தாளை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தொடக்ககாலப் பதிவுகள் அங்கேதான். அனுமதிக் கடிதம் வாங்கிப் போய் மூன்று நாள் உட்கார்ந்தேன். தேவனாம்பட்டினத்தில் இருந்த டேவிட் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் அச்சாகியே இருக்கின்றன. இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கூடிப் பேசி எழுதிவைத்தவை. யாருக்குச் சம்பளம், எந்தக் கப்பலில் எத்தனை மூட்டைத் துணி, எந்த நெசவாளருக்கு முன்பணம் என்று போகும். பொழுது போவதே தெரியவில்லை. நான் தேடியது இடத்தின் பெயரை. கிடைத்தது காலத்தின் நிலவரம். அதைச் சொல்லாமல் அந்தக் கல்லைப் படிக்க முடியாது.

1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை கம்பெனி எல்லை என்று பேச்சு. அப்படி உள்ளே வந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடியும் குண்டுசாலையும் இன்றைக்கும் நம் வாயில் இருக்கும் பெயர்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும் தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு இந்தக் கோட்டைதான் தலைமையிடம் ஆனது. 1752 வரை அப்படியே இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்தவர்களில் கிளைவும் ஒருவர்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் பெரிய படையோடு இங்கிருந்து கிளம்பிப் புதுச்சேரியை முற்றுகை போட்டார். பிடிக்க முடியவில்லை. அக்டோபரில் மழை தொடங்கியதும் டேவிட் கோட்டைக்கே திரும்பினார்கள். குண்டடியிலும் அதைவிட அதிகமாக நோயிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் போயிருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் புயல். பாஸ்கவனுடைய தலைமைக் கப்பலான நாமூர் இந்தக் கடற்கரைக்கு எதிரே முழுகி, 500 பேருக்கு மேல் செத்தார்கள். பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். பெம்புரோக் என்ற இன்னொரு கப்பல் பரங்கிப்பேட்டைப் பக்கம் போனது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில்வர் பீச்சில் நின்று 2004 சுனாமியையும் 2011 புயலையும் பார்த்தவர்கள் நாம்.

இந்த இரண்டு கூட்டச் சாவுக்கும் நடுவில் விழுகிறது கல்லில் இருக்கும் பிப்ரவரி.

இப்போது அந்த 8-க்குக் கீழே 9. ஆங்கிலேயர்களுக்கு அன்று சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். ஜனவரி, பிப்ரவரியில் செத்தவருக்குப் பழைய வருஷத்தைப் போடுவதா, மற்ற ஐரோப்பிய நாடுகள் போடும் புது வருஷத்தைப் போடுவதா என்று குழப்பம் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கம். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆகவே கல்லில் இருப்பது இரண்டு தேதி இல்லை, ஒரே நாள். இன்றைய கணக்கில் 1749-ன் தொடக்கம். பிறந்த வருஷம் கல்லில் இல்லை.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் கிரிகோரியனுக்கு மாறியிருந்தது. வித்தியாசம் 11 நாள். இங்கிருந்து இருபத்திச் சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே 20-ஆம் தேதி எழுதிய கடிதம் மறுநாள் இங்கே வந்து சேர்ந்தால் கடலூரில் அன்று தேதி 10. முற்றுகை, புயல், சமாதானம் என்று எதைத் தேடினாலும் ஆங்கிலேயர் பதிவையும் பிரெஞ்சுப் பதிவையும் பக்கத்தில் வைக்கும்போது இந்த 11 நாளைக் கழித்துத்தான் ஆகணும். 1752-ல் இங்கிலாந்து மாறியது. அந்த வருஷம் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியையும் கூடவே எழுதியது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விபவ வருஷம் மாசி மாசம் என்று இருந்தால் அதை யாரும் மாற்ற முடியாது.

சரி, கல் 1749. அதனால் கல்லறையும் 1749 என்று முடித்துவிடலாமா? கூடாது. பெரியம்மா சொன்ன ஒரு சொல் இங்கேதான் முக்கியமாகிறது. கல் குப்புறக் கிடந்தது. கல்லறை மேல் வைத்த பலகை எழுத்து மேலே பார்க்கத்தான் இருக்கும். குப்புறக் கிடந்தது என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். கடலூர் மண் ஆற்று வண்டலும் மணலும். கேப்பர் மலையில் கிடைப்பது செம்மண் கல். இந்தக் கருங்கல் வெளியிலிருந்து வந்த விலை உயர்ந்த பொருள். மாவு அரைக்கவோ படி வைக்கவோ யாரும் தூக்கிப் போகும் பொருளும்கூட.

கல் மட்டும் நகர்ந்து உடல் வேறிடத்தில் கிடப்பதற்குச் சென்னையிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில்தான் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. உயரமான கட்டடங்களாகக் கல்லறை கட்டியிருந்தார்கள். 1758 டிசம்பரில் தொடங்கி 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையை முற்றுகை போட்டபோது, பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளையே மறைவாக வைத்துக்கொண்டு சுட்டது. முற்றுகை முடிந்ததும் அவற்றை இடித்துத் தள்ளி, எழுத்துப் பலகைகளைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தின் வெளித்தளத்தில் பதித்துவிட்டார்கள். இன்றைக்கும் அவற்றின் மேல் நடந்துதான் ஆலயத்துக்குள் போகிறோம். இடிக்காமல் விட்டதில், சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் குழந்தை டேவிட் புதைக்கப்பட்ட கல்லறையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள்.

அதே லாலி சென்னைக்குப் போவதற்கு ஆறு மாசம் முன்னால், 1758 ஜூன் 2-ல், டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துப்போட்டார். இடிந்த கோட்டையின் செங்கல்லும் கல்லும் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்! நான் நினைப்பது, இந்த ஒற்றைப் பலகை கோட்டைப் பக்கத்து இடுகாட்டிலிருந்து பிற்காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டது. பத்திரங்களும் அதற்கு ஒத்துப்போகின்றன. வண்டிப்பாதை வருவது மேற்கிலிருந்து, மைதானமும் அதிகாரிகள் பங்களாக்களும் இருந்த பக்கத்திலிருந்து. கோட்டையோ கிழக்கே, கெடிலம் கடலில் சேரும் இடத்தில். கோட்டைச் சிப்பாய்களுக்கான இடுகாடு என்றால் பாதை அந்தப் பக்கம் திறந்திருக்கும்.

மிஷன் இடுகாடாக இருக்குமோ என்றும் யோசித்தேன். கிர்னாண்டர் என்ற ஸ்வீடன்காரப் பாதிரியார் 1740-லிருந்து 1758 வரை கடலூரில் ஊழியம் செய்தார். லாலி வந்ததும் கிளம்பி, கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். ஆனால் மிஷன் நிலமாக இருந்தால் பக்கத்து மனைக்காரர்கள் ‘பாதிரியார் தோட்டம்’ ‘கோயில் கல்லறை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். தெற்கு, கிழக்கு, வடக்கு மனைப் பத்திரங்கள் மூன்றிலும் துரைமார், துரைகள். மக்கள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை நான் நம்புகிறேன். 1785-ல் கடலூர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1801-ல் ஆர்க்காடு நவாபின் நாடு முழுக்கக் கம்பெனிக்குப் போனதும், மஞ்சக்குப்பம் அதிகாரிகளின் குடியிருப்பாக வளர்ந்தது. அந்தக் குடியிருப்பின் முதல் தலைமுறைகள் புதைத்த இடம் இது என்பதே என் முடிவு. செட்டில்மெண்ட் ஆட்கள் சங்கிலியோடு வந்தபோது அது ‘பழைய’ கல்லறை ஆகியிருந்தது.

1905-ல் அரசு அச்சகம் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளின் பட்டியலை, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்தார். மாவட்டம் மாவட்டமாக இருக்கும். அதில் இந்தக் கல் இல்லை. வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை என்று தேர்ந்தெடுத்துச் சேர்த்த பட்டியல் அது, எல்லாரும் அதில் ஏற மாட்டார்கள். இறந்தவரின் பெயர் தெரிந்தால் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் தேடலாம். சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698-லிருந்து அங்கே இருக்கின்றன, இப்போது வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. தாத்தா பாட்டி பெயரைத் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

என் மனசை அதிகமாக அரித்தது வேறு. இந்தத் தேடலில் நான் பார்த்த எல்லாக் காகிதத்திலும் செத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1783 ஜூன் 13-ல் இதே கடலூருக்குத் தெற்கே ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படையும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையும் மோதின. இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் அந்த ஒரு நாளில் விழுந்தார்கள். இரண்டு பக்கமும் தமிழ் பேசும் சிப்பாய்கள் இருந்தார்கள். 1748 முற்றுகைக்கு மூட்டை சுமந்து போனவர்கள், படகு வலித்தவர்கள், சமையல் செய்தவர்கள் யாருக்கும் கல் இல்லை. சம்பளக் கணக்கில் ‘சிப்பாய்கள் இத்தனை பேர்’ என்று ஒரு தொகையாக வருவார்கள், அடுத்த மாதக் கணக்கில் தொகை குறைந்திருக்கும். அந்தக் குறைச்சல்தான் அவர்களுடைய அடக்கப் பதிவு. அந்த ஏட்டை மூடிவிட்டு வெளியே வந்து, எழும்பூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு வாய் டீ உள்ளே இறங்கவில்லை.

பெரியம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. அவருக்குத் தெரியாமல் ஊருக்கெல்லாம் சொல்வது மரியாதை இல்லை. கடை மூடும் நேரத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷக் கணக்கை எப்படி விளக்குவது என்று நான் தயங்க, அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“மார்கழி மாசத்துல இங்கிலீசு வருஷம் மாறிடுது, நம்ம வருஷம் சித்திரைலதான மாறும். அவங்களுக்கும் அப்ப அப்படித்தான்ங்கறீங்க.”

“அதேதான் பெரியம்மா.”

“அப்ப அது கொழந்த இல்ல.”

“கொழந்தையாவும் இருக்கலாம், பெரியவங்களாவும் இருக்கலாம். வயசு எழுதின பக்கம் ஒடஞ்சிருக்கு. ஒரு வயசுங்கறது மட்டும் கல்லுல இல்ல.”

கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “பிஸ்கட்டு வைக்கறத நிறுத்திடணுமா தம்பி?” என்றார்.

வேண்டாம் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது பிஸ்கட் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரில் காபியும் இருந்தது.

பதிவேட்டைத் திருத்த மனு கொடுத்திருக்கிறேன். செட்டில்மெண்ட் நகல், ஒப்பீட்டுப் பட்டியல், நாலு பக்கத்துப் பத்திரங்களின் சான்றிட்ட நகல், நான் வரைந்த படம், எல்லாம் இணைப்பு. கேட்டது ஒன்றுதான்: வகையைப் புறம்போக்கு என்று மாற்றி, குறிப்புப் பத்தியில் கல்லறை என்ற சொல்லைத் திரும்ப எழுதணும். சர்வேயர் ஒரு தடவை வந்து அளந்துவிட்டுப் போனார். சுவர்த் துண்டைக் காட்டினேன், போட்டோ எடுத்துக்கொண்டார். மனு நடப்பில் இருக்கிறது.

அதற்குள் என் பத்திரம் நின்றுகொண்டிருந்தது. வாங்குபவருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் மாறியது. “சார், வடக்க காலிமனைன்னே போட்டுடுங்க. போன பத்திரத்துல அப்படித்தான இருக்கு? நாளைக்கு விக்கும்போது கல்லறைன்னு இருந்தா எவன் வாங்குவான்?” விற்பவரும் அதையே சொன்னார், விலை குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. இரண்டு பேர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்குகிறவர் பயப்படத்தான் செய்வார்.

துணிப்பையிலிருந்த நாலு பத்திரத்தையும் மேசையில் வரிசையாக வைத்து இரண்டு பேரையும் படிக்கச் சொன்னேன். காலிமனை என்று எழுதினால் யாருடைய காலிமனை என்று நாளைக்கு ஒருவன் கேட்பான், ஒப்படை வாங்கி மூணு மாடி கட்டி உங்கள் ஜன்னலை அடைப்பான், எல்லைத் தகராறு என்று கோர்ட்டுக்குப் போனால் தாய்ப்பத்திரமும் உங்கள் பத்திரமும் வேறு வேறு சொல்லும் என்றேன். கல்லறை என்று இருந்தால் வடக்கே யாரும் கட்ட முடியாது, வாடைக்காற்று உங்கள் வீட்டுக்கு என்றைக்கும் வரும் என்றேன். வாங்குபவரின் மனைவி அதுவரை பேசாமல் 1920-களின் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் காலத்துல வாங்கினவங்க பயப்படாமத்தான இருந்திருக்காங்க, நாலு தலைமுறை நல்லாத்தான இருந்திருக்காங்க” என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

போன மாசம் பதிவானது. சொத்து விவரத்தில், நானே தட்டச்சு செய்து இரண்டு தடவை சரிபார்த்த வரி: ‘துரைமார் கல்லறைக்குத் தெற்கு.’